கேசட்டை ஊதியவன்

பழைய வீடியோ கேம் வைத்திருக்கும் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். படம் சரியாக வரவில்லை என்றால் கேசட்டைப் பிடுங்கி, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, மவுத் ஆர்கன் வாசிக்கிற மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊதுகிறார்கள். திரும்பச் சொருகினால் படம் வந்துவிடுகிறது. உடனே ஊதியதால்தான் வந்தது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறார்கள். ஊதியதால் வரவில்லை சார், பிடுங்கிச் சொருகியதால் வந்தது. ஊதியதால் வருவது எச்சில் ஈரம் மட்டும்தான். அந்த ஈரம் கேசட்டின் வாயிலிருக்கும் உலோகப் பின்களில் உட்கார்ந்து, நாளாக நாளாகப் பச்சை பூக்கும். நீங்களும் சின்ன வயதில் ஊதியிருப்பீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை. டீ சூடாக இருக்கும், ஆறட்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல்.

என் கடையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். வணிக வளாகத்தின் அடித்தளத்தில், படிக்கட்டுக்குக் கீழே, தையல் கடைக்கும் சாவி போடுகிறவர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. முன்னால் ஒரு மேசை, அதன் மேல் பரிசோதனைக்கு ஒரு பிக்சர் டியூப் டிவி. பின்னால் கதவு வைத்த சின்ன அறை, அதில் என் வேலை மேசை, இன்னும் இரண்டு டிவி. பழைய கேம் பெட்டிகளைப் பழைய டிவியில்தான் பார்க்க வேண்டும், புது டிவி பூசி மெழுகிவிடும். வருகிறவர்கள் எல்லாம் தொப்பை விழுந்த, தலை நரைத்த ஆட்கள். வேலைக்குப் போகிற சட்டையோடு வந்து, பிளாஸ்டிக் பையிலிருந்து பெட்டியை எடுத்து குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி மேசையில் வைப்பார்கள். என்னை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். நானாகக் கூப்பிடச் சொன்னதில்லை. கூப்பிட்டால் வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கடைக்கு வந்தது அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு. "வீட்லயே உட்கார்ந்து யோசிச்சு யோசிச்சு அவனுக்கு மண்டை காயுதுங்க. கடையில முன்னாடி உட்கார வச்சுக்குங்களேன்" என்றாள் அவள். சரி என்றேன். நான் கெட்டவன் இல்லை சார், அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவன் வந்ததும் கடை கலகலப்பாகிவிட்டது. வாய் ஓயாமல் பேசுவான். சாவிக் கடைக்காரரை வம்புக்கு இழுப்பான், தையல் கடை அக்காவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பான். என்னிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு வாடிக்கையாளர்கள் அவனிடம் கதை பேச உட்கார்ந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. தூசி பட்டால் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். மூச்சுக்கு அடிக்கிற பம்பை முன் மேசையின் வலது டிராயரில் வைத்திருப்பான். அது அந்த இடத்தை விட்டு நகர்ந்ததே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் கிடைக்கும். அவனுக்கு ஆகாது என்பதற்காகவே பெட்டி திறக்கிற வேலையை நான் ஒருவனே பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். வருடக்கணக்கான தூசி அடைந்து கிடக்கும் அந்தப் பெட்டிகளுக்குள். பிரஷ்ஷால் கூட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவேன், பறக்கக் கூடாது என்று. இதை எழுதிக்கொள்ளுங்கள் சார். அவன் நெஞ்சுக்கு எது ஆகும் எது ஆகாது என்று அவன் அக்காவைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டவன் நான்.

ஆனால் அவன் ஊதுவான். வருகிற ஒவ்வொரு கேசட்டையும் ஊதுவான். நான் அன்பாகச் சொன்னேன், அதட்டியும் சொன்னேன்.

"ஊதாதேன்னு உனக்கு எத்தனை தடவைடா சொல்றது?"

"பழக்க தோஷம் மாமா. கை தானா வாய்க்குப் போயிடுது" என்பான். சொல்லிவிட்டுச் சிரிப்பான். அவன் மேல் யாருக்கும் கோபம் நிலைக்காது, எனக்கும்தான்.

அடுத்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் தொழிலில் கோளாறு கண்டுபிடிக்கிற முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. படம் கட்டம் கட்டமாகச் சிதறினால் கேசட்டின் பின்னைப் பார். நிறம் போனால் வயரைப் பார். படம் நெளிந்தால் அடாப்டரைப் பார். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிவிட்டுத் திரையைப் பார். கோளாறு எதோடு நகர்கிறதோ, கோளாறு அதில்தான் இருக்கிறது. கேசட்டை வேறு பெட்டியில் போட்டால் கோளாறும் கூடவே போகிறதா, அப்படியென்றால் கேசட். போகவில்லையா, அப்படியென்றால் பெட்டி. இவ்வளவுதான் வித்தை. இதை வைத்துத்தான் இத்தனை வருடம் சோறு சாப்பிட்டேன்.

ஒரு நாள் ஒரு கார் பந்தய கேமில் அந்தக் கோட்டைப் பார்த்தேன். மெல்லிய பச்சைக் கோடு, செங்குத்தாக, திரையின் நடுவிலிருந்து கொஞ்சம் வலது பக்கம் தள்ளி. இடுப்பில் லேசாக வளைந்திருந்தது. பின்னைத் துடைத்தேன், போகவில்லை. வயரை மாற்றினேன், போகவில்லை. பெட்டியை மாற்றினேன். டிவியை மாற்றினேன். கோடு அப்படியே கூட வந்தது. வேறு கேசட், வேறு பெட்டி, வேறு டிவி எல்லாவற்றிலும் அதே பச்சை, அதே வளைவு. இந்த மாதிரி ஒன்றை நான் கண்டதில்லை.

பெட்டியின் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, "எங்க டாக்டர் கோடு? படம் சூப்பரா இருக்கே" என்றார். அவர்களுக்கு என்ன தெரியும், படம் அசைந்தால் போதும் அவர்களுக்கு. மச்சானைக் கூப்பிட்டேன். திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே மாமா."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அதை நான் கவனித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, எதுக்கும் ஒரு தடவை கண்ணைக் காட்டிடலாமா?" என்றான். ஈயப் பற்றில் முடி அளவு வெடிப்பை லென்ஸ் இல்லாமல் பார்க்கிற கண் இது. அந்தக் கண்ணில் கோளாறு என்று சொல்வது யார் பாருங்கள், ஊதுவதைத் தவிர வேறு வேலை தெரியாதவன். எனக்கு எரிச்சல் வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு வந்த எல்லாப் பெட்டியிலும் கோடு இருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். போகாததால் ரப்பர் வைத்து அழித்தேன். அதற்கும் போகாததால் பொடி உப்புத்தாள் எடுத்தேன். உப்புத்தாள் போட்டால் பின் மேல் இருக்கிற தங்கப் பூச்சு போய்விடும், அது எனக்குத் தெரியாதது இல்லை. மற்றவர்கள் செய்தால் நானே திட்டுவேன். ஆனால் கோடு இருக்கும்போது பெட்டியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. சுரண்டிச் சுத்தம் செய்துதான் கொடுத்தேன். குறை சொல்லி ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அதனால் என் வேலை சரிதான் என்று இருந்தேன்.

ஏன் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படியிறங்கி வந்துகொண்டிருந்தேன். கீழே குண்டு கண்ணாடி பேசிக்கொண்டிருந்தார். எங்களிடம் அடிக்கடி வருகிறவர், பழைய பெட்டிகளைச் சேர்ப்பவர், அவருடைய மூக்குக் கண்ணாடியை வைத்து நாங்கள் வைத்த பெயர் அது.

"பின்னெல்லாம் சுரண்டி வச்சிருக்காருப்பா. பொட்டுத் தங்கம் இல்ல. எங்க அண்ணன் சாகுறதுக்கு முன்னாடி எனக்குக் குடுத்த பெட்டி இது."

"தெரியும் சார். மன்னிச்சுக்கோங்க. நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வேற பின் மாத்தித் தரேன்" என்றது மச்சானின் குரல். "மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவருக்குக் கண்ணு சரியில்ல, ஒத்துக்க மாட்டேங்கிறாரு. சொன்னா உடைஞ்சு போயிடுவாரு. கொஞ்ச நாள் பொறுங்க, நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன். என் இடத்தில் யார் நின்றிருந்தாலும் அந்தச் சொல்லைத்தான் கேட்டிருப்பார்கள். என் கடையில் உட்கார்ந்துகொண்டு, என் வாடிக்கையாளர்களிடம், எனக்குக் கண் போய்விட்டது என்று சொல்கிறான். நான் திருத்திக் கொடுத்த பெட்டிகளை எனக்குத் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறக்கிறான். திறந்தால் சும்மா இருப்பானா, ஊதுவான். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வயிறு எரிந்தது சார், அதை மறைக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான்.

அடுத்த விடுமுறை நாளில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். எல்லாப் பெட்டியிலும், எல்லா வயரிலும், எல்லா டிவியிலும் அதே கோடு. அப்படியானால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு. எல்லாவற்றையும் தொட்டது எது? அவன் மூச்சு. பச்சை எங்கிருந்து வந்தது என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது, ஈரம் பட்டால் பின் பூப்பது அதே பச்சைதானே. யோசித்துக்கொண்டே நிமிர்ந்தால் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் மேலும் கோடு நின்றது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அக்காவைப் பார்க்க வாரம் தவறாமல் வந்து போகிறவன் அவன். சோற்றைக்கூட ஊதி ஊதித்தான் சாப்பிடுவான்.

கோளாறான பாகம் தெரிந்துவிட்டால் கழற்றிப் பார்க்க வேண்டும். கடைக்கு வராதே என்று சொல்லலாம், ஆனால் வீட்டுக்கு வருவான். வீட்டுக்கும் வராதே என்றால் அவன் அக்கா அழுவாள், அவள் அழுதால் எனக்குத் தாங்காது. எங்கே போனாலும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்பான். எல்லாப் பக்கமும் யோசித்துத்தான் செய்தேன். ஆத்திரத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள்.

யாருடையதும் இல்லாத ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டேன். பிஸ்கட் டப்பாவை நான் சில நாட்களாகக் கொட்டவில்லை. அதிலிருந்த பொடித் தூசியைக் கேசட்டின் வாயில் நிரப்பி, பிரஷ்ஷால் மெதுவாக அமுக்கினேன். மேலே ஒரு தாள் ஒட்டி, சிவப்பு மையில் 'ஊதாதே' என்று எழுதினேன். இது முக்கியம் சார். எழுதி ஒட்டினேன். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு அவன் முன் மேசையில் உட்கார்ந்து சாவிக் கடைக்காரரோடு வம்பளந்துகொண்டிருப்பான்.

அன்று பக்கத்துக் கடைகள் இரண்டும் திறக்கவில்லை. காலையில் முன் மேசையைத் துடைத்தேன். டிராயரில் குப்பையாகக் கிடந்ததை எல்லாம் ஒழுங்குபடுத்தினேன். பம்பைப் பின் அறை அலமாரியின் மேல்தட்டில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன்.

மச்சான் வந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். "மாமா, இன்னிக்குச் சாயங்காலம் எங்கயும் போயிடாதீங்க. கண் ஆஸ்பத்திரியில சொல்லி வச்சிருக்கேன், அக்காவும் வரா. முடிச்சிட்டு மூணு பேரும் வெளியிலயே சாப்பிட்டு வந்துடலாம்" என்றான்.

"பாக்கலாம்" என்றேன். "இந்தக் கேசட்டைக் கொஞ்சம் போட்டுப் பாரேன், படம் வர மாட்டேங்குது."

போட்டான். படம் வரவில்லை. பிடுங்கினான். ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "எனக்காகவே எழுதி ஒட்டியிருக்கீங்களா மாமா? சரி, இன்னிக்கு ஊதல. போதுமா?" என்று கேசட்டை மேசையில் வைத்துவிட்டு, துடைக்க ஒரு பஞ்சு பட்ஸ் எடுத்தான்.

உண்மையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு அப்பாடா என்று இருந்தது. இவ்வளவு நாள் சொன்னது இன்றைக்காவது அவன் காதில் ஏறியதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ஸ்பிரிட் எங்க மாமா?" என்றான்.

"தீந்துபோச்சு" என்றேன்.

தீரவில்லை. என் சட்டைப் பையில் இருந்தது. அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவன் பட்ஸைக் கீழே வைத்தான். டிவியைப் பார்த்தான், கேசட்டைத் திருப்பினான், வேறு எதையோ சொல்ல ஆரம்பித்தான், பேச்சு வாக்கில் கை தானாக வாய்க்குப் போனது. ஊதுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், அதை யாரும் யோசிப்பதில்லை. இழுத்தான், ஊதினான். தூசி மொத்தமும் அவன் முகத்திலேயே திருப்பி அடித்தது.

இருமினான். டிராயரைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். கையை விட்டுத் துழாவினான். "மாமா... பம்பு" என்றான். நான் அதற்குள் ஒரு நல்ல கேசட்டைச் சொருகித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாகத்தை மாற்றும்போது திரையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, எடுத்தால் எந்த நொடியில் சரியானது என்று தெரியாமல் போய்விடும். அவன் என் தோளைப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டான். என் கண்ணில் அந்தத் தூசி பட்டிருக்க வேண்டும், உறுத்தி நீர் கோத்துக்கொண்டது. அப்போது சார், கோடு போய்விட்டது. திரை முழுக்கக் கலங்கி, பச்சை கரைந்து, கோடே இல்லை. பின்னால் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், கோடு மறுபடி நின்றது. அவனிடம் இன்னும் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருந்திருக்கும். அதனால்தான்.

என் மனைவி சாயங்காலம் வர வேண்டியவள், மத்தியானமே வந்துவிட்டாள். நான் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் ஓடிப்போய் வலது டிராயரைத்தான் திறந்தாள், சின்ன வயதிலிருந்து அவனுக்குப் பம்பு எடுத்துக் கொடுத்துப் பழக்கப்பட்டவள். "அலமாரி மேல இருக்கு" என்றேன். எடுத்து வந்து அவன் வாயில் வைத்து அமுக்கினாள், திரும்பத் திரும்ப அமுக்கினாள். பிறகு நிறுத்திவிட்டு, தரையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"இதை யாருங்க அங்க வச்சது?"

"நான்தான்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்திலும் கோடு நின்றது, நெற்றியிலிருந்து முகவாய்வரை. ஒரே ரத்தம், ஒரே மூச்சு. அவளைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று அப்போது தோன்றியது. அதற்குள் அவள் எழுந்து வெளியே போய்விட்டாள், உங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். என் மச்சானை நான்தான் கொன்றேன், தெரிந்துதான் செய்தேன். என்னைக் கேட்டால் கழற்றினேன் என்பதுதான் பொருத்தமான சொல். அது உங்கள் இஷ்டம்.

நேற்று ஒரு கண் டாக்டரைக் கூட்டி வந்தீர்கள். என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே பின்பக்கம் ஏதோ கிழிந்திருக்கிறது, பல மாதமாக இருந்திருக்கும், அப்போதே வந்திருந்தால் சரி செய்திருக்கலாம் என்று உங்களிடம் மெல்லச் சொன்னார். என் காதில் விழுந்தது. ஆனால் பார்க்கிறதற்கு முன் அவர் தன் லென்ஸை எப்படித் துடைத்தார் என்று கவனித்தீர்களா? வாயருகில் கொண்டுபோய் ஊதினார். அப்படிப்பட்டவர் சொல்வதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

மச்சான் இந்த அறைக்கு வந்ததே இல்லை என்கிறீர்கள். வாஸ்தவம்தான், அதைத்தான் நானும் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் கோடு இங்கேயும் இருக்கிறது. முதலில் சுவர் என்று நினைத்தேன், சுவரில்லை. மேசை என்று நினைத்தேன், மேசையில்லை. விளக்கை மாற்றச் சொன்னேன், தயவுசெய்து மாற்றியும் கொடுத்தீர்கள். காவலுக்கு நின்றவர்கூட மாறிவிட்டார். இந்த அறையில் இதுவரை மாறாமல் இருப்பது நீங்கள் ஒருவர்தான். இதோ, உங்கள் சட்டையில் பொத்தான் வரிசைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

நீங்கள் டீயை ஊதித்தானே சார் குடித்தீர்கள்?